கதைகளில் வரும் புருஷன்மார் எல்லாரும் கெட்டவர்களா?

3 ஜனவரி, இழையைத் தொடங்கிய வாசகர்

"இப்போது வரும் தமிழ்க் கதை எதை எடுத்தாலும் கணவன் ஒன்று குடித்துவிட்டு அடிக்கிறான், இல்லையென்றால் அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி நிற்கிறான். மனைவி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிறாள். ஆணாதிக்கம் ஆணையும்தானே நசுக்குகிறது? சம்பாதிக்காவிட்டால் மதிப்பில்லை, அழுதால் கேலி, வேலை போனால் சொந்த வீட்டுக்குள் நுழையவே கூச்சம். இதையெல்லாம் ஏன் யாரும் எழுதுவதில்லை? பயமா, சோம்பலா?"

4 ஜனவரி, காலை, என் பதில் (இனி வருவதெல்லாம் நான் எழுதியது)

ஜன்னல் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. போட்டிக்கு வரும் சிறுகதைகளை ஒரு காலத்தில் வாசித்துத் தள்ளியிருக்கிறேன். ஜன்னல், வானம், ஒரு பறவை. புருஷன் கூடத்தில் பேப்பரோ போனோ பார்த்துக்கொண்டிருப்பான், காபி கேட்பான். அவனுக்கு அதற்கு மேல் வேலையே கிடையாது.

ஆனால் "யாரும் எழுதுவதில்லை" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் 2010இல் வந்தது. அதைப் பற்றி நடந்த சண்டையில் பாதிப் பேருக்கு நாவலே மறந்துபோய்விட்டது. அதில் வரும் காளியை எந்தக் கணக்கில் கெட்டவன் என்பீர்கள்? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்கிறார்கள், மாட்டேன் என்கிறான். மனைவி பொன்னாவின் மேல் அவனுக்கு இருக்கும் ஆசை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. குடிப்பான், ஆனால் அவளைப் போட்டு மிதிக்கிற ஆள் இல்லை.

அப்படியும் இரண்டு பேர் வாழ்க்கையும் நாசமாகிறது. எப்படி என்பதுதான் நாவல். திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள், குழந்தை இல்லாத பெண் கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவனோடு இருந்து கருத்தரித்தால் அது சாமி கொடுத்த பிள்ளை என்ற ஏற்பாடு. காளிக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் அவளிடமே கேட்டுவிடுகிறான், போவாயா என்று. நீ சொன்னால் போகிறேன் என்ற மாதிரி பதில் வருகிறது. அவனுக்கு நெஞ்சில் குத்துகிறது.

இங்கே நின்று யோசியுங்கள். புருஷன் பேச்சைத் தட்டாதவள் நல்ல மனைவி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புருஷனைத் தவிர வேறு ஆளை நினைக்காதவள் நல்ல மனைவி என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் முதல் பாடத்தை ஒப்பிக்கிறாள். அவன் இரண்டாம் பாடத்தை எதிர்பார்த்துக் கேட்டவன். இதில் அவள் எந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் பாஸ் ஆகியிருப்பாள்?

4 ஜனவரி, இரவு

கீழே ஒருவர், "அது வெள்ளைக்காரன் காலத்துக் கிராமம், சமகாலம் இல்லை" என்கிறார். கதை நடக்கும் காலம் பழசுதான். உங்கள் சொந்தத்தில் கல்யாணமாகி மூணு வருஷம் ஆன ஒரு ஜோடியை அடுத்த விசேஷத்துக்குக் கூட்டிப் போய்ப் பந்தியில் உட்கார வைத்துப் பாருங்கள் சார். அப்புறம் பேசுவோம்.

6 ஜனவரி

சரி, நானே சொல்கிறேன்.

எங்களுக்குக் குழந்தை தள்ளிப்போன வருஷங்களில் "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று என்னிடம் கேட்காத அத்தை, சித்தி, பக்கத்து வீடு கிடையாது. ஒருவர்கூட என் வீட்டுக்காரரிடம் கேட்டதில்லை. அவரிடம் கிரிக்கெட்டும் வீட்டுக் கடன் வட்டியும் பேசினார்கள். அவருக்கு இது நிம்மதி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இருந்தது, இல்லையென்று இல்லை. ஆனால் யாரும் கேட்காததாலேயே அவருக்குப் பதில் சொல்லிப் பழக்கமே வரவில்லை.

டாக்டர் இரண்டு பேருக்கும் டெஸ்ட் எழுதினார். ஆணுக்கு எடுப்பது சுலபம், செலவும் குறைவு, முதலில் அதை முடித்துவிடுங்கள் என்றார். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கும் என்பது எந்த மகப்பேறு மருத்துவரும் சொல்வதுதான். நடந்தது என்ன? எனக்கு ஃபாலிக்குலர் ஸ்கேன், ட்யூப் எக்ஸ்ரே, ஹார்மோனுக்கு ரத்தம் என்று வரிசையாக நடந்தது. அவருடைய சீட்டு எல்.ஐ.சி. பாலிசி வைக்கும் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மாமியார், "அவனுக்கு என்ன குறைச்சல், தினம் காலையில ஓடறான்" என்றார். ஓட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மாமியாரிடம் எந்த மருமகள் விளக்குவாள்?

இடையில் ஒரு நாள் அவர் லேபுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கவுண்டரில் இருந்த பெண் பெயரையும் டெஸ்ட்டின் பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டிருக்கிறாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லாத் தலையும் திரும்பியிருக்கிறது. அப்படியே எழுந்து வந்துவிட்டார். பிறகு வீட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்து வேறு ஊருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு ஆம்பிளை ரத்தப் பரிசோதனைக்குத் திருடன் மாதிரி ஒளிந்து போக மாட்டான், இதற்குப் போகிறான்.

அதனால் உங்கள் கேள்வி நியாயமானதுதான் சார், ஆணுக்கும் வலி உண்டு. அவருடைய கூச்சம் நிஜம். ஆனால் அந்தக் கூச்சம் தீரும் வரைக்கும் ஊசி போட்டுக்கொண்டது யார்?

குழந்தை பிறப்பதற்கு மட்டுமல்ல, பிறந்த பிறகும் இதே கதைதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்கில், கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட மனைவிகள் 37.9 சதவீதம், கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்குச் செய்வது சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். அந்த 0.3க்குள் இருக்கும் ஒரு புருஷனை நாயகனாக வைத்து ஒரு நாவல் வந்தால் முதல் பிரதி எனக்கு.

7 ஜனவரி

ரிசல்ட் என்ன வந்தது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். பந்தியில் கேட்டவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லிவிட்டால் நானும் சொல்கிறேன்.

11 ஜனவரி

"அடிக்கிற புருஷனைப் பற்றிப் பேசாமல் நல்லவனாகப் பார்த்து எடுத்துக்கொண்டீர்கள்" என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். நியாயம். அப்படியானால் செல்லாத பணம். இமையத்தின் நாவல், 2018இல் வந்தது, 2020க்கான சாகித்ய அகாடமி விருது வாங்கியது.

ரேவதி இன்ஜினியரிங் படித்தவள். அப்பா தலைமை ஆசிரியர். அவள் கட்டிக்கொண்டது ஆட்டோ ஓட்டும் ரவியை, வீடே எதிர்த்தும். பிறகு உடம்பில் தீ. புதுச்சேரி ஜிப்மரில் தீக்காய வார்டு. நாவலின் பெரும்பகுதி அந்த ஆஸ்பத்திரியில், காத்திருப்பவர்களின் பேச்சாகவே போகிறது. அவளாக வைத்துக்கொண்டதா, அவன் வைத்ததா என்ற கேள்வி கடைசி வரை தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

எனக்கு அதில் பிடித்தது, ரவிக்கும் பேச இடம் கிடைக்கிறது என்பது. அவனை நியாயப்படுத்துவதற்காக அல்ல. படிப்பில், சாதியில், பணத்தில் தன்னைவிட மேலே இருக்கும் வீட்டுப் பெண்ணைக் கட்டியவனை அந்த வீடு மாப்பிள்ளையாக நினைப்பதே இல்லை. புருஷன் ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்பது ஊர் விதி. அவன் கீழே இருக்கிறான். மேலே ஏற வழியில்லாதவன் அவளைக் கீழே இழுக்கிறான், கையால், சந்தேகத்தால். இது நான் புரிந்துகொண்டது, நாவல் இப்படிப் பாடம் நடத்தவில்லை.

இன்னொன்று, அதிகம் பேர் பேசாதது. அந்த நாவலில் இன்னொரு புருஷனும் இருக்கிறார், ரேவதியின் அப்பா. அடிக்காதவர், மரியாதைப்பட்டவர். மகளிடம் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவர். கௌரவம் என்ற ஒன்றுக்காக ரவி செய்ததும் அவர் செய்ததும் வேறு வேறு அளவுதான். மகள் வார்டில் கிடக்கும்போது பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார், அது எதற்கும் உதவவில்லை. அவருடைய மனைவி அவ்வளவு வருஷமும் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டவள். மகளையும் விட முடியாது, புருஷனையும் மீற முடியாது. கதையில் கணவன் மனைவி என்றதும் இளம் ஜோடியைத்தான் பார்க்கிறோம், அந்த வயசான ஜோடியைப் பாருங்கள்.

12 ஜனவரி

மேலே எழுதியதில் "வேறு வேறு அளவுதான்" என்றது சிலருக்கு உறுத்தியிருக்கிறது. அடியும் மௌனமும் ஒன்றா என்கிறீர்கள். ஒன்றில்லை. ஒரே கிணற்றுத் தண்ணீர் என்கிறேன், அவ்வளவுதான்.

13 ஜனவரி

சமையலறை பற்றி யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன். நானே ஆரம்பிக்கிறேன்.

அம்பையின் "வீட்டின் மூலையில் ஒரு சமையலறை" எண்பதுகளில் எழுதப்பட்ட கதை. ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம். வீட்டுத் தலைவர் பாபாஜி யாரையும் அடிப்பதில்லை, கத்துவதும் இல்லை. இருண்ட சமையலறை. அதை ஒட்டிய வராந்தாவை அகலப்படுத்தினால் பெண்களுக்குக் காற்று வரும், வெளியே மலை தெரியும் என்று மருமகள் ஒரு யோசனை சொல்கிறாள். கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு அந்த வராந்தாவில் துணி காயப்போடக் கொடி கட்டப்படுகிறது. தெரிந்துகொண்டிருந்த மலையையும் ஈரப் புடவைகள் மறைத்துவிடுகின்றன.

எனக்குத் தெரிந்து ஆணாதிக்கத்தை இவ்வளவு சிக்கனமாக எழுதியவர் இல்லை. ஒரு கொடிக்கயிறு போதும். அந்த வீட்டு ஆண்களிடம் போய் நீங்கள் என்ன கொடுமை செய்தீர்கள் என்று கேட்டால் உண்மையாகவே விழிப்பார்கள். துணி காயப்போட இடம் வேண்டாமா?

அந்தக் கதையில் மூத்த பெண்களுக்குச் சமையலறைதான் ராஜ்ஜியம், சாவி யார் இடுப்பில் என்பதில்தான் போட்டி. ஆண்களுக்கு வீட்டில் வேலையே இல்லாதபோது பெண்கள் ஒருவரை ஒருவர் ஆண்டுகொள்கிறார்கள். மாமியார் கொடுமை என்று நாம் சொல்வது பாதி இதுதான்.

பழசு என்பீர்கள். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபடும் பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபடுபவர்களிலும் பெண்ணுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97. இந்த 97 நிமிஷத்துக்காரர்தான் இன்றைய கதைகளின் புது நாயகன். ஞாயிற்றுக்கிழமை தோசை வார்ப்பார், கதை முழுக்கக் கைதட்டல். தோசைக்கு மாவு எங்கிருந்து வந்தது என்று கதாசிரியர் சொல்வதில்லை.

18 ஜனவரி

இங்கே எல்லாரும் விருது வாங்கிய நாவல்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழில் இன்று புருஷன் பெண்டாட்டி கதையை உண்மையில் அதிகம் பேர் படிப்பது செல்போனில், யூடி யூடியாக, அதாவது அப்டேட் அப்டேட்டாக வரும் தொடர்கதைகளில். ஆன்ட்டி ஹீரோ கதைகள். சிரிக்காதீர்கள், நான் விடாமல் படிக்கிறவள்.

கம்பெனி எம்.டி., தாடி, ஆறடி, எப்போதும் கோபம். ஏதோ ஒரு பழிக்காக நாயகியின் கழுத்தில் வலுக்கட்டாயமாகத் தாலி. முதல் பத்து எபிசோடுக்கு அவளைப் படாத பாடு படுத்துவான். அறை விழும். அதற்கு மேலும் நடக்கும், அவள் சம்மதம் கேட்கப்படாது, ஏனென்றால் தாலி ஏறிவிட்டதே. பாதியில் அவனுடைய பழைய கதை வரும், சின்ன வயசில் அம்மா விட்டுவிட்டுப் போயிருப்பாள். கீழே கருத்துகளில், "அவன் செஞ்சது தப்புதான் சிஸ், ஆனா பாவமா இருக்கு, அடுத்த யூடி எப்போ?"

தாலி கட்டினால் சம்மதம் தேவையில்லை என்பது அந்த எழுத்தாளர்கள் கண்டுபிடித்தது இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுக் குற்றவியல் சட்டத்தின் 63ஆவது பிரிவிலும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியோடு கணவன் உறவு கொள்வது பாலியல் வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. தொடர்கதையைக் கேலி செய்கிறவர்கள் அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டலாம்.

19 ஜனவரி

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில் தோன்றியது.

அந்தக் கதைகளில் பின்பாதி என்று ஒன்று இருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்கிறான். அவள் உடனே கொடுப்பதில்லை. முப்பது எபிசோடு கெஞ்ச விடுகிறார்கள், மழையில் நிற்க வைக்கிறார்கள், மாமியார் முன்னால் காலில் விழ வைக்கிறார்கள். பின்பாதி வந்ததும் வாசகிகளின் கருத்துகள் இரட்டிப்பாகும், "இன்னும் கொஞ்ச நாள் அலையட்டும் சிஸ்" என்று.

அறைக்காக யாரும் அந்தக் கதையைப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். மன்னிப்புக்காகப் படிக்கிறார்கள். நான் பார்த்த வீடுகளில், புருஷன் பெண்டாட்டியிடம் வாய்விட்டுத் "தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சண்டைக்கு மறுநாள் மல்லிகைப்பூ வரும், இல்லை பரோட்டா பார்சல் வரும். நீங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான். கதையில் அந்த எம்.டி. வாக்கியமாகச் சொல்கிறான், எழுவாய் பயனிலையோடு.

ஆனாலும் அவள் கடைசியில் மன்னித்துவிடுகிறாளே என்று என் தங்கை கேட்கிறாள். மன்னிக்காவிட்டால் எங்கே போவாள், அம்மா வீட்டில் சேர்ப்பார்களா? அந்தக் கேள்வியை அந்தக் கதைகள் தொடுவதில்லை. அங்கேதான் எனக்கும் அவற்றுக்கும் தகராறு.

26 ஜனவரி

லீவு நாள், நீளமாக எழுதப்போகிறேன். மாதொருபாகனுக்கே திரும்பி வருகிறேன். அதையும் அதன் இரண்டு தொடர்ச்சி நாவல்களையும் படிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போங்கள், முடிவைச் சொல்லாமல் பேச முடியாது.

காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவை நம்ப வைத்துத் திருவிழாவுக்கு அனுப்புகிறார்கள். அவளுடைய அண்ணன் முத்து, காளியின் சிநேகிதனும் அவன்தான், இவனை வெளியே கூட்டிப்போய்க் கள்ளில் முக்குகிறான். இரண்டு அம்மாக்களுக்கும் விஷயம் தெரியும். திரும்பி வந்து பார்த்த காளி உடைந்துபோகிறான். செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் நாவல் முடிகிறது. பெருமாள்முருகன் அதற்கு இரண்டு தொடர்ச்சி எழுதினார். ஆலவாயனில் காளி இல்லை. அர்த்தநாரியில் உயிரோடு இருக்கிறான்.

ஒரே பெண், ஒரே வயிற்றுப்பிள்ளை. புருஷன் செத்திருந்தால் என்ன, இருந்தால் என்ன என்று தனித்தனியாக எழுதிப் பார்த்திருக்கிறார். அவன் இல்லாத நாவலில் பொன்னாவுக்குத் துக்கம் இருக்கிறது, ஊர்ப்பேச்சு இருக்கிறது, ஆனால் மாமியார் சீராயி பக்கத்தில் நிற்கிறாள், பெண்கள் சேர்ந்து காட்டையும் மாட்டையும் பார்க்கிறார்கள், வாழ்க்கை மெல்ல நகர்கிறது. அவன் இருக்கும் நாவலில் அவன் அவளிடம் பேசுவதில்லை. அடிக்கவில்லை, துரத்தவில்லை. பேச்சை நிறுத்திவிட்டான். அந்த மௌனத்துக்கு எதிரே அவள் படும் பாடு இருக்கிறதே, எனக்கு அதைத்தான் படிக்க முடியவில்லை. விதவையாக இருப்பதைவிடக் கடினமான ஒன்றாக அவளுக்கு அது ஆகிவிடுகிறது.

காளிக்கு வலிக்கவில்லையா? அவனும் உருகித்தான் போகிறான். ஏமாற்றப்பட்டவன்தானே. ஆனால் ஏமாற்றியவர்கள் வீட்டு ஆட்கள். அதில் ஒருவன் ஆண், சிநேகிதன், முதல் குற்றவாளி. தண்டனை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள், ஏமாற்றப்பட்ட இன்னொருத்திக்கு. இந்த நாவல்கள் காளியைக் கெட்டவன் என்று ஒரு வரியிலும் சொல்வதில்லை. அவனுக்குக் கோபத்தை இறக்கி வைக்க வேறு இடம் தெரியாது. ஊர் அவனைப் பிள்ளை கொடுக்க முடியாத வறடன் என்று பேசியபோது கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

இழையைத் தொடங்கியவர் இதற்கு என்ன சொல்கிறார் என்று தெரிய ஆசை. ஆணின் வலியை எழுதச் சொன்னீர்கள். எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வலி அடுத்து எங்கே போகிறது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். உங்களுக்குப் பிடிக்காதது அந்த இரண்டாவது பாதியோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

27 ஜனவரி

ஆலவாயன் முதலிலா அர்த்தநாரி முதலிலா என்று கேட்டவருக்கு: எது முதலில் என்றாலும் கதை குழம்பாது. அர்த்தநாரியைப் பிறந்த வீட்டுக்குப் போகும்போது படிக்காதீர்கள், அண்ணன்மாரைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

2 பிப்ரவரி

இழையைத் தொடங்கிய சார் பதில் போட்டுவிட்டார், கோபப்படாமல். தானே ஒரு சிறுகதை எழுதப்போகிறாராம். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பார்க்கிலும் லைப்ரரியிலும் உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்பும் ஒருவன். மனைவிக்கு மாதக்கணக்கில் தெரியாது, கடைசியில் தெரிந்து அழுகிறாள். இதுதான் கதைச் சுருக்கம்.

நல்ல கரு. எழுதுங்கள். ஆனால் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்காது. அந்தச் சட்டையைத் துவைப்பவள் அவள். முதுகில் பெஞ்சுத் துரு, கீழே காலில் புல்லு விதை. ஆபீஸ் கேண்டீனில் எதையாவது தின்றுவிட்டு டிபன் பாக்ஸில் பாதிச் சோற்றைத் திருப்பிக் கொண்டுவருகிறவன் இப்போது வழித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறான். ஒன்றாம் தேதி போனில் வரும் மெசேஜ் வரவில்லை, ஏ.டி.எம். கார்டு பர்ஸின் உள்பையில் போய்விட்டது. முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாள். மளிகைக் கடையில் பாக்கி சொல்ல ஆரம்பித்திருப்பாள், தம்பியிடம் கைமாத்து கேட்டிருப்பாள், பிள்ளைகளிடம் அப்பாவிடம் இப்போது எதுவும் கேட்காதே என்று சொல்லி வைத்திருப்பாள். அவன் தைரியமாக நடித்துக்கொண்டிருக்கட்டும் என்று இவளும் நடிக்கிறாள். அந்த வீட்டில் எட்டு மணிக்கு இரண்டு பேரும் சீரியல் பார்க்கும் ஒரு காட்சி எழுதுங்களேன், அங்கே உங்கள் கதை இருக்கிறது.

அப்புறம், தலைப்பில் "கண்ணீர்" வேண்டாம் சார்.